பாட்டில் கிரீன்

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். 68 வயதில் அது வராவிட்டால்தான் அதிசயம், விடு.

லீவுக்குப் பேத்தி வந்திருக்கிறாள். ஆத்தங்குடியில் என் மச்சினனின் டைல்ஸ் பட்டறைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உள்ளே வந்தது. அங்கிருந்த கரும்பச்சை டைலின் நிறம் கேட்டவர்களிடம் பேத்தி "பாட்டில், கிரீன், டைல்" என்று மூன்றையும் ஒரே அழுத்தத்தில் அடுக்கிவிட்டாள். அந்த அம்மாள் தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்!

முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவன் சும்மா இருப்பேனா? நிறம் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் 'கிரீன்' ஓங்கும். பின்னால் 'டைல்' வந்துவிட்டால் அழுத்தம் முன்னே நகர்ந்து 'பாட்டில்' மேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு அழுத்தம் அடுத்தடுத்து இடிப்பது அவர்கள் காதுக்கு ஆகாது. தர்ட்டீன் என்றால் 'டீன்' ஓங்குகிறது, 'தர்ட்டீன் மென்' என்றால் 'தர்' ஓங்குகிறது, அதே கதைதான். நேவி புளூ, ஸ்கை புளூவும் அப்படியே. கிரீன்ஹவுஸ் மட்டும் வேறு ஜாதி: 'கிரீன்' ஓங்கினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகை, 'ஹவுஸ்' ஓங்கினால் பச்சை பெயிண்ட் அடித்த வீடு.

"தமிழில் இந்தத் தொல்லை இல்லையே ஐயா?" என்றாள். நாம் சொற்களைப் புணர்ச்சியால் ஒட்டுகிறோம், ஆத்தா, என்றேன். கருமை தன் 'மை'யை உதிர்த்துவிட்டுக் கருநீலம் ஆகிறது. கிளியும் பச்சையும் சேர நடுவில் ஒரு 'ப்' வந்து விழுகிறது. ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் வேடிக்கையாக, செய்யுளைப் பிரிப்பதுபோல் 'பாட்டில் கிரீன்' என்பதை அசை பிரித்தோம். பாட், டில், கிரீன்: நேர் நேர் நிரை, யாப்பில் அசல் தேமாங்கனிச் சீர்! ஆங்கிலத்திலும் மூன்றே அசைதான். ஆனால் அவர்களுடைய 'டில்'லில் உயிரெழுத்து ஒலிப்பதே இல்லை, 'ல்' ஒன்றே அசையைச் சுமக்கிறது. 'கிரீன்' தொடக்கத்தில் நாம் செருகும் இகரமும் அவர்களுக்குக் கிடையாது. 'கி', 'ரீன்' இரண்டையும் ஒரே அசையாகச் சேர்த்துக்கொண்டு நிரையசை நம்மைக் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

சரி, உன் வீட்டு முற்றத்துக்குச் சிவப்பு டைல் கேட்டாயே, ரத்தச் சிவப்பா, செங்கல் சிவப்பா? போனில் ஆங்கிலத்தில் சொல்லாதே, தமிழிலேயே எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்