ஆண்டறிக்கை: பத்தாம் பாகமும் பாக்கிச் சந்தாவும்

நம் வாசகர் வட்டத்தின் தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் இந்த அறிக்கையின் நகல் போய்ச் சேரும். முக்கியமாக அவர்கள்தான் இதைப் படிக்க வேண்டும்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் சென்னை புத்தகக் கண்காட்சிக்கு வேன் எடுத்துப் போய் வந்தோம். ஏப்ரல் 23, உலகப் புத்தக நாளன்று பக்கத்து அரசுப் பள்ளி நூலகத்துக்கு நூல்கள் கொடுத்தோம். கோடை விடுமுறையில் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி நடந்தது. நவம்பர் கூட்டம் மழையால் தள்ளிப்போனது. கூடத்தில் பழுதான மின்விசிறியை மாற்றினோம்.

இனி பத்தாம் பாகம்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற மாய உலக நாவல் தொடரை முதல் பாகத்திலிருந்து வரிசையாக, எதையும் தாண்டாமல் வாசிப்பது என்று முந்தைய பொதுக்குழு ஒன்றில் முடிவெடுத்தோம். மொத்தம் 14 பாகம், கூடவே ஒரு முன்கதை. முன்மொழிந்தது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, பதிவேட்டில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த ஆண்டின் நடுவிலிருந்து 'செயலாளர் தன் ஆசையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்' என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. ஒன்பது பாகம் வரை யாரும் அப்படிப் பேசவில்லை. ஏழிலும் எட்டிலும் கொஞ்சம் தொய்வு இருந்தது, சமாளித்தோம். ஒன்பதாம் பாகமான 'வின்டர்ஸ் ஹார்ட்' முடிவில், ஆண்களுக்கான மந்திர சக்தியில் மூவாயிரம் ஆண்டுக்கு மேலாகப் படிந்து கிடந்த கறையைக் கதாநாயகன் ராண்டும் அவன் ஊர்ப்பெண் நைனீவும் கழுவுகிற கட்டத்தைப் பேசிய அன்று, கூடத்தைப் பூட்ட வந்த வாட்ச்மேன் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனார், யாரும் எழுந்திருக்கவில்லை. நம் வட்டத்தின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்தச் சூட்டோடு சூடாகப் பத்தாம் பாகத்தை எடுத்தோம். 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்', 680 பக்கச் சொச்சம். முன்னுரையே ஒரு குறுநாவல் அளவுக்கு நீளும். அடுத்து என்ன என்று புரட்டினால் கதை முன்னால் போகவில்லை, பின்னால் போகிறது. ஒன்பதின் உச்சக்கட்டம் நடந்த அதே நாள்களில் ராண்டின் ஊர் நண்பர்களான பெரின் எங்கே இருந்தான், மாட் எங்கே இருந்தான், அரியணைக்காகப் போராடும் இளவரசி எலெய்ன், மந்திர சக்தியுள்ள பெண்களில் ஒரு பிரிவுக்குத் தலைவியான எக்வீன் எல்லாரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். எங்கோ தொலைவில் யாரோ மலைக்கவைக்கும் அளவுக்குச் சக்தியைக் கையாளுகிறார்கள் என்பதை ஒவ்வொரு இடத்திலும் சக்தியுள்ளவர்கள் உணர்கிறார்கள், யார் அது என்று திகைக்கிறார்கள். நமக்கு யார் என்று தெரியும், என்ன நடந்தது என்றும் தெரியும். தெரிந்த விடைக்கு அவர்கள் தவிப்பதை ஒருமுறை படிக்கலாம், அதையே இடம் மாற்றி இடம் மாற்றிப் படிப்பது கஷ்டம்தான். கதாநாயகன் ராண்ட் இதில் தலையைக் காட்டுவதே மிகக் கொஞ்சம். ஒன்பதின் தொடக்கத்தில் கடத்தப்பட்ட பெரினின் மனைவி ஃபெயில், பத்து முடியும்போதும் ஷைடோ என்ற எதிரிக் குலத்தாரின் முகாமில்தான் இருக்கிறாள்.

இந்த இடத்தில் நான் தொடங்கிய கருத்துப் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர்கள் கருத்துதான் வட்டத்தின் கருத்து என்று ஆகிவிடுகிறது, கூச்சப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொருவரும் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தன் கைப்பட எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். படிக்காமல் எழுதக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. சிலருக்கு அந்த நிபந்தனையே பிடிக்கவில்லை. ஆனால் எழுதியவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை இங்கே பதிவு செய்வது என் கடமை.

தையற்கடை நடத்தும் அக்கா, ஜோர்டான் துணிமணியை வர்ணிப்பதை ரசித்துப் படிக்கிறவர். எந்த நாட்டுப் பெண்ணுக்கு எந்தக் கழுத்து, எந்தப் பூவேலை என்று எல்லாவற்றையும் கவனித்து வைத்திருக்கிறார். அவரே, 'இந்தப் பாகத்தில் அளவு எடுத்துக்கொண்டே இருக்கிறார், துணியில் கத்தரி வைக்கவே இல்லை' என்று எழுதியிருக்கிறார். கல்லூரி மாணவர் ஒருவர் எலெய்ன் குளிக்கிற காட்சி எதற்கு என்று கேட்டு அரைப் பக்கம் எழுதியிருக்கிறார், கோபமான பக்கம், ஆனால் நியாயமான கேள்வி. பள்ளி ஆசிரியையான ஒரு உறுப்பினருக்கோ எக்வீனின் முகாம் பகுதி பிடித்திருக்கிறது. மந்திர சக்தியுள்ள பெண்களின் தலைமையிடமான டார் வாலன் நகரத்தை முற்றுகையிட்டபடியே, எதிரியோடு பேச்சுவார்த்தை நடத்தலாமா கூடாதா என்று அந்தப் பெண்கள் அவையில் ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருப்பதை, சங்கக் கூட்டங்களில் காலம் கழித்தவர்களுக்கு நன்றாகப் புரியும் என்கிறார். பெயர்கள்தான் குழப்புகின்றன என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த பதிவு, நுகர்பொருள் வாணிபக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா எழுதியது. பெரின் தன் படைக்குத் தானியம் வாங்க ஸோ ஹாபர் என்ற ஊருக்குப் போகும் அத்தியாயங்களைப் பலரும் வெட்டி என்று ஒதுக்கினார்கள். ஐயா அதைத்தான் மூன்று முறை படித்திருக்கிறார். அழுக்குப் பிடித்த ஜனங்கள், செத்தவர்களின் ஆவி உலவுவதால் பயந்து ஒடுங்கிய ஊர், மூட்டையைப் பிரித்தால் தானியம் முழுக்க வண்டு. வேறு வழியில்லாமல் அதையே புடைத்து, வண்டைப் பிரித்து, மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். 'கிடங்கில் வண்டு விழுந்த மூட்டையைப் பிரித்தால் வருகிற நெடி இந்தப் பக்கத்தில் வருகிறது. படை நடப்பது கத்தியால் இல்லை, தானியத்தால். இதை எழுதியவருக்கு ராணுவம் தெரியும்' என்று எழுதியிருக்கிறார். ஐயாவுக்கு ஆசிரியரின் வரலாறு தெரியாது. ஜோர்டான் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி ஏந்தி இரண்டு தடவை பணியாற்றியவர் என்று நான் சொன்னதும் அந்த இடத்தை மறுபடியும் எடுத்துப் படித்தார்.

சரி, செயலாளரின் கருத்து என்ன என்று கேட்பீர்கள். இது தொடரிலேயே பலவீனமான பாகம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். 1990 ஜனவரியில் முதல் பாகம் வந்தது, 1994க்குள் ஆறு பாகம் வந்துவிட்டது. அப்புறம் 1996, 1998, 2000 என்று இடைவெளி கூடிக்கொண்டே போய், 2003 ஜனவரியில் இது வந்தது. நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடமும் பிடித்தது, வாங்கியவர்கள் கொந்தளிக்கவும் செய்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து வாங்கினால் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது, அடுத்த ஆண்டு வந்ததோ முன்கதை, கதை நகர்வதைப் பார்க்க 2005 அக்டோபர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரே நாள்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அமைப்பு தான் நினைத்தபடி கைகூடவில்லை என்ற பொருளில் ஆசிரியரே பிற்பாடு பேசியிருக்கிறார்.

ஆனால் அந்தக் கோபத்தை நம் உறுப்பினர்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. பதினொன்றாம் பாகம் நம் அலமாரியிலேயே இருக்கிறது. 2003இல் படித்தவருக்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷத் தவிப்பு, நமக்கு இரண்டு கூட்டம், அவ்வளவுதான். இதைக் கூடப் பொறுக்க முடியாது என்று சிலர் விலகியதுதான் என் வருத்தம்.

பத்தாம் பாகத்தைத் தாண்டிவிடலாம், கதைச்சுருக்கம் படித்தால் போதும் என்று ஒரு தீர்மானம் வந்தது. நான் எதிர்த்தேன். தீர்மானம் தோற்றது, தோற்ற பிறகு கொண்டுவந்தவர்களில் பலர் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் எதிர்த்தேன் என்று அன்றைக்கு முழுதாகச் சொல்ல விடவில்லை, இப்போது சொல்கிறேன். முதல் பாகத்தில் பெரினிடம் ஒரு கோடரி இருக்கிறது. அதைத் தூக்கவே அவனுக்கு வெறுப்பு. காட்டில் சந்திக்கும் எலயாஸ் அவனிடம், இதை வெறுக்கும் வரை வைத்துக்கொள், என்றைக்கு வெறுப்பு விட்டுப்போகிறதோ அன்றைக்குத் தூக்கி எறிந்துவிடு என்கிறான். ஒன்பது பாகம் அந்தக் கோடரி அவன் இடுப்பில் தொங்குகிறது. பத்தாம் பாகத்தில், மனைவி இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்ற வெறியில், பனியில் கட்டிப்போட்ட ஷைடோ கைதி ஒருவனின் கையை அதே கோடரியால் வெட்டுகிறான். ஜோர்டான் அதை அலங்கரிக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. வெட்டியவன் கோடரியை ஒரு மரத்தில் பாய விட்டுவிட்டு நடந்து போகிறான், திரும்பி எடுக்கவே இல்லை. 1990இல் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு 2003இல் வந்த பதில் அது. சுருக்கம் படிக்கிறவருக்கு 'பெரின் கோடரியைக் கைவிடுகிறான்' என்று ஒரு வரி கிடைக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் பதின்மூன்று வருஷம் கிடைக்காது. மோசமான பாகத்துக்குள் இப்படி ஒரு அத்தியாயம் இருக்கிறது என்றால், அதற்காகவே மிச்சத்தையும் நடந்து கடக்கலாம் என்பது என் கட்சி. கடைசி அத்தியாயத்தில் எக்வீன் இரவில் சிறு படகில் துறைமுகத்துக்குப் போகும் இடமும் அப்படித்தான். பாதியில் நிறுத்தியவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன்.

இனி சந்தா. பத்தாம் பாகம் தொடங்கியதிலிருந்து வராத உறுப்பினர்கள் பலர் சந்தாவும் கட்டவில்லை. 'பிடிக்காத புத்தகத்துக்கு எதற்குப் பணம்' என்று ஒருவர் பொருளாளரிடமே கேட்டிருக்கிறார். சந்தா எந்தப் புத்தகத்துக்குமானது இல்லை. கூடத்தின் வாடகை, டீ, மின்கட்டணம், நகல் எடுக்கிற செலவு எல்லாம் ஆட்கள் குறைந்தாலும் குறைவதில்லை. வருகிற சிலர் வராத பலருக்காகவும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இது சரியில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனால் கூட மனசு ஆறும், இரண்டு பேர் ஒன்பதாம் பாகத்தின் வட்டப் பிரதிகளைத் திருப்பித் தராமலே போய்விட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன, புத்தகம் வாங்கிய வகையில் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கிறது, அதை அடுத்த ஆண்டு சரிக்கட்டிவிடலாம். பதினொன்றிலிருந்து பதினான்கு வரை பழைய பிரதிகளாகத் தேடிப் பிடித்து மலிவாகத்தான் வாங்கினோம். ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன.

இடம் கொடுத்த நூலகருக்கும், டீக்கடை அண்ணனுக்கும், வேனுக்குப் பாதி வாடகை ஏற்ற தலைவர் அவர்களுக்கும், கணக்கைப் பொறுமையாகப் பார்த்த தணிக்கையாளருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு. கருத்துப் பதிவேடு தொடரும், இப்போதைய செயற்குழு மாறினாலும் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினால் மனமார ஒப்படைக்கத் தயார், தொடரை 14 வரை கொண்டுபோவேன் என்ற உறுதியோடு வந்தால் போதும். 2006இல் தனக்கு அபூர்வமான இரத்த நோய் வந்திருப்பதாக ஜோர்டான் அறிவித்தார். உடம்பு முடியாத நிலையிலும் மிச்சக் கதையை வீட்டாரிடம் சொல்லியும் குறிப்பெழுதியும் வைத்துவிட்டு, 2007 செப்டம்பரில், 58 வயதில் காலமானார். அவர் மனைவியும் அவருடைய நூல்களைச் செப்பனிட்டவருமான ஹாரியட், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, கடைசி மூன்று பாகம் வந்து 2013இல் தொடர் முடிந்தது. எழுதியவர் சாகும் வரை விடாத கதையை, பாதிக்கு மேல் படித்துவிட்ட நாம் ஒரு பாகத்தோடு விடலாமா என்று வராதவர்கள் யோசிக்க வேண்டும்.

வரும் மாதம் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, பதினொன்றாம் பாகமான 'நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்' தொடங்குகிறோம். ஜோர்டான் தன் கையால் முடித்த கடைசிப் பாகம் இது. இழுத்துக்கொண்டிருந்த கண்ணிகள் இதில் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பத்தை முடிக்காதவர்களும் வரலாம், கிடங்கு ஐயா முதல் அரைமணி நேரம் விட்டுப்போன கதையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பாக்கிச் சந்தாவை மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் இரண்டு தவணையாகக் கட்டலாம், செயற்குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் பாகப் பிரதி வைத்திருப்பவர்கள் அன்றைக்கே கொண்டுவந்துவிட்டால் நல்லது, புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்