எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்களுக்கு, இரண்டு வயதுப் பிள்ளையின் அம்மா எழுதும் மடல்

வணக்கம்.

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும், காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே துணி எடுத்துப் போடும் அக்கா தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். என் வீடு கொருக்குப்பேட்டை. சின்ன வயதில் எனக்குப் பாவாடை சட்டை எடுத்தது உங்கள் ரோட்டில்தான். என் மகனின் முதல் பிறந்தநாள் சட்டையும் அங்கே எடுத்ததுதான். வருகிற தீபாவளிக்கும் அங்கேதான் வரப்போகிறோம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் வந்த ஷேர் ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. ஒரு கூட்ஸ் வண்டி போனது, கேட் திறக்கும் என்று பார்த்தால் எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று. மகன் மத்தியானம் தூங்குகிற நேரம் அங்கேயே கழிந்துவிட்டது. கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. குழந்தைகள் துணி மாடியில் என்றார்கள். படி முழுக்கக் கூட்டம். அவன் என் கையை உதறிவிட்டு "நானே, நானே" என்று முதல் படியில் காலை வைத்தான். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். நான் அவனைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

மாடியில் இறக்கிவிட்டதும் அப்படியே மல்லாந்து விழுந்தான். குதிகாலால் தரையை உதைத்தான். "கீய, கீய" என்று தொண்டை கிழியக் கத்தினான். கீழே போய், முதல் படியிலிருந்து தானே ஏறி வர வேண்டும். அவன் கேட்டது அதுதான். பெற்றவளான எனக்கே அது புரிய இரண்டு நிமிஷம் ஆனது.

அந்த இரண்டு நிமிஷத்துக்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. "போலீஸ் மாமா வராரு பாரு, புடிச்சுக்கினு போயிடுவாரு" என்றார் துணி மடித்துக்கொண்டிருந்த ஒருவர். இன்னொருவர் தன் செல்போனில் பாட்டு வைத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரோ அவன் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தார்கள். பில் போட நின்ற ஒரு அம்மா, "ரெண்டு போட்டா அடங்கும்" என்றார். கடைசியாகக் கடையில் இருந்த பெரியவர், "கஸ்டமருங்க நிக்கிறாங்கம்மா, வெளியே தூக்கினு போய் சமாதானம் பண்ணு" என்றார்.

நான் பிள்ளையை அடித்துவிட்டேன். தொடையில், சத்தம் வரும்படி.

அழுகை நிற்கவில்லை. ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்புறம் அடித்த என்னையே கழுத்தோடு கட்டிக்கொண்டு தேம்பினான். துணி எடுக்காமல் இறங்கி வந்துவிட்டோம்.

வீட்டில் இதைவிடப் பெரிதாக உருண்டு புரண்டு அழுதிருக்கிறான். ஒரு நாளும் நான் கை ஓங்கியதில்லை. அன்றைக்கு ஏன் அடித்தேன் என்று பல ராத்திரி யோசித்தேன். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருபது பேர் என்னைப் பார்க்கிறார்களே என்ற அவமானம், எங்கே போவது என்று தெரியாமல் அவன் தொடையில் போய் இறங்கிவிட்டது. கையை ஓங்கியது நான். அந்தத் தப்பு என்னுடையது, அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன். ஆனால் ஒரு கடையில் பிள்ளை அழும்போது, அம்மா நிதானமாக இருப்பதும் தடுமாறுவதும் சுற்றி நிற்பவர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை பிள்ளைகள் இப்படி அடம் பிடிப்பது வளர்ச்சியில் ஒரு கட்டம். இரண்டு வயதில் ஆசை மலையளவு இருக்கும். அதைச் சொல்ல இரண்டு மூன்று வார்த்தைகள்தான் கோர்க்க வரும். ஆத்திரத்தை அடக்கி, பொறுத்திருக்க வைக்கிற மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டு வயதுப் பிள்ளையிடம் "கம்முனு இரு" என்றால், இன்னும் முளைக்காத பல்லால் முறுக்கைக் கடி என்பது போலத்தான். அதிலும் பசியோ தூக்கமோ சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். எங்களுக்கு அன்றைக்கு ரயில்வே கேட்டிலேயே பாதிப் பிரச்சினை ஆரம்பித்துவிட்டது.

இந்த வயதில் பிள்ளை தனியாக எளிதில் அமைதியாகாது. பக்கத்தில் இருக்கும் பெரியவரின் குரலையும் மூச்சையும் பிடித்துக்கொண்டுதான் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும். அதனால் அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டிய முதல் வேலை என் மூச்சைப் பார்ப்பது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுவேன், நாலைந்து தடவை. நெஞ்சு படபடப்பு குறையும். அப்புறம் அவன் உயரத்துக்கு உட்காருவேன். "நீயே ஏறணும்னு நினைச்ச, அம்மா தூக்கிட்டேன், கோவம் வந்துடுச்சு" என்று மெதுவாக, ஒரே ஒரு தடவை சொல்வேன். அப்புறம் வாயை மூடிக்கொள்வேன். அழுகிற பிள்ளைக்கு அறிவுரை காதில் ஏறாது. கை நீட்டினால் அணைத்துக்கொள்வேன், தள்ளிவிட்டால் பக்கத்திலேயே இருப்பேன். பொம்மை கேட்டு அழுதால் பொம்மை கிடைக்காது, அம்மா மட்டும் கிடைப்பாள். பெரும்பாலும் சில நிமிஷங்களில் அடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இவள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று தோன்றும். அந்த நேரத்தில் என் உடம்பு முழுக்க வேலை செய்துகொண்டிருக்கிறது.

நீங்கள் நல்ல மனசோடுதான் உதவ வருகிறீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள். தேம்பித் தேம்பி மூச்சிழுக்கும்போது கடினமான மிட்டாய் தொண்டையில் போய் அடைக்கும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கல் மிட்டாயும் முழு வேர்க்கடலையும் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதே ஆபத்துதான்.

போலீஸ் பயம் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். தீபாவளி நெரிசலில் என் கை நழுவி அவன் தொலைந்துபோனால் யாரிடம் போக வேண்டும்? காக்கிச் சட்டைக்காரரிடம்தான். "புடிச்சுக்கினு போயிடுவாரு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, அவரைப் பார்த்ததும் ஏதாவது துணி பண்டலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஊசி போடுகிற டாக்டர் என்று மிரட்டுவதும் இதே கதைதான், நாளைக்கு அவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவள் நான்.

செல்போனைப் பற்றி நிறைய பேர் பேசிவிட்டார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. என் கவலை வேறு. ஒவ்வொரு அழுகைக்கும் ஒரு பாட்டு ஓடினால், கோபம் வந்து தானாக வடிகிறது என்பதை அவன் எப்போது தெரிந்துகொள்வான்?

ஒரு விஷயம் தெரிந்திருந்தால் யாருக்காவது உதவும். சில பிள்ளைகள் அழுது அழுது மூச்சை அடக்கி, உதடு நீலமாகி மயங்கி விழுவார்கள். பார்க்கவே குலை நடுங்கும். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தானாக மூச்சு திரும்பிவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிடித்து உலுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூட்டத்தை விலக்குங்கள். நினைவு சீக்கிரம் திரும்பவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவை வந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருந்தாலும் இது வரும்.

இன்னொன்றும் மனதில் நெருடுகிறது. இதே பிள்ளை இதே மாதிரி அழும்போது என் வீட்டுக்காரர் தூக்கி வைத்திருந்தால், "பாவம், தனியா சமாளிக்கிறாரு" என்று வழி விடுகிறார்கள். நான் வைத்திருந்தால் "புள்ள வளக்கத் தெரியல" என்கிறார்கள். அவருக்குக் கிடைக்கிற அந்த வழி எனக்கும் கிடைத்தால் போதும்.

அப்படி ஒரு தடவை எனக்கும் கிடைத்தது. ஆவணியில் தங்கச்சி வளைகாப்புக்குப் புடவை எடுக்க உங்கள் ரோட்டிலேயே வேறொரு கடைக்குப் போனோம். பில் கவுண்டரில் தொங்கிய பந்தை நான் வாங்கித் தரவில்லை என்று மகன் தரையில் விழுந்தான். வாசலில் பைகளை வாங்கி டோக்கன் கொடுக்கிற ஆயா எழுந்து வந்தார். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கத்தில் போட்டு, "குந்துமா" என்றார். டேபிள் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினார். அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பார்க்க வந்தவர்களை "போப்பா, போய் துணி பாரு" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சின்ன அறை கிடைத்தது போல இருந்தது. என் மூச்சு சீரானது. மூன்றோ நான்கோ நிமிஷம்தான் ஆகியிருக்கும். அவன் என் மடியில் ஏறி, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பந்து வீத்துல இக்கு" என்றான். ஆமாம், வீட்டில் இருக்கிறது. அன்றைக்கு இரண்டு புடவை எடுத்தோம்.

உங்களிடம் நான் கேட்பது அந்த ஆயா செய்ததைத்தான். ஒரு ஸ்டூல், கொஞ்சம் காற்று, குடிக்கத் தண்ணீர், மூன்று நான்கு நிமிஷம். பில் கவுண்டரில் பிள்ளையின் கண் உயரத்தில் தொங்குகிற பொம்மைகளை ஒரு ஆணி மேலே ஏற்றி மாட்டினால் எத்தனையோ அம்மாக்கள் நிம்மதியாகப் பணம் எண்ணிக் கொடுப்பார்கள். கூட்டம் அதிகமான நாட்களில் வாசல் ஸ்பீக்கரின் சத்தத்தையும் கொஞ்சம் குறைத்தால் நல்லது. அவன் எதையாவது இழுத்துப் போட்டால் நான் மடித்து வைக்கிறேன். கிழித்தால் காசு கொடுக்கிறேன். அதில் சலுகை வேண்டாம்.

தீபாவளிக்கு இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வரப்போவதில்லை. வார நாளில், காலையில், அவன் வயிறு நிறையச் சாப்பிட்டதும் கிளம்புவோம். சட்டை நீலமா பச்சையா என்று அவனையே கேட்டு எடுப்பதாக இருக்கிறேன். மாடிக்கு அவனேதான் ஏறுவான். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுவதால் நேரம் பிடிக்கும். நான் ஒரு படி கீழே நின்று அவன் பின்னாலேயே வருவேன். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் மட்டும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா