பீங்கான் பூட்ஸைக் கேலி என்று சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செக் நாட்டுப் பீங்கான் பொருட்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றியெல்லாம் எழுதுகிறீர்களே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் ரப்பர் பூட்ஸ் வடிவப் பூச்சாடியின் படத்தைப் போட்டு, இளைய தலைமுறை பாரம்பரியத்தைக் கேலி செய்கிறது என்று எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மகள் பிராக் நகரில் வேலை பார்க்கிறாள், அவளோடு மூன்று மாதம் தங்கியிருந்தபோது அந்தப் பூச்சாடியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

செக் வடிவமைப்பாளர் மாக்சிம் வெல்ச்சோவ்ஸ்கி செய்தது அது. ரப்பர் என்று கண் சொல்கிறது, தொட்டால் ஜில்லென்று பீங்கான். நிஜ பூட்ஸ் தண்ணீரை உள்ளே விடாது, இது தண்ணீரை வெளியே விடாது. இது பிடிபட்டதும் கடையிலேயே சிரித்துவிட்டேன். களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சி ஓரத்தில் மண் தோல் மாதிரி படிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டி, அப்புறம் சூளையில் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செய்கிற வேலை இது. கொஞ்சம் பிசகினால் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். இவர் பிராக் கலைக் கல்லூரியில் பீங்கான் பிரிவுக்குத் தலைமை வகித்துப் பாடம் நடத்தியவர். பாரம்பரியம் கைக்கு வராதவரால் இதைச் செய்ய முடியாது.

அந்தப் பாரம்பரியமும் அப்படி ஒன்றும் முகத்தை இறுக்கிக்கொண்டிருக்கிற ஆசாமி இல்லை. செக் வீடுகளில் ‘சிபுலாக்’ என்று வெள்ளைத் தட்டில் நீலப் பூவேலை செய்த பாத்திரங்கள் இருக்கும். சிபுலே என்றால் வெங்காயம். ஆனால் அதில் வெங்காயமே கிடையாது! 1740 வாக்கில் ஜெர்மனியின் மைசன் ஊரில் சீனக் கிண்ணங்களைப் பார்த்து வரைந்த மாதுளையும் பீச் பழமும்தான், பார்த்தவர்களுக்கு வெங்காயமாகத் தெரிந்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. செக் நாட்டில் துபீ என்ற ஊரில் 1885 முதல் இதைச் செய்கிறார்கள். சிறுவயது முழுவதும் கம்யூனிஸ்ட் ஆட்சியில் கழிந்த வெல்ச்சோவ்ஸ்கி, பாட்டி வீட்டுத் தட்டில் இருக்கிற இதே நீல வெங்காயத்தை லெனின் சிலையின் மொட்டைத் தலை மேல் படரவிட்டார். அதிகாரிகளின் அறைகளில் முறைத்துக்கொண்டு நின்ற தலை, சாப்பாட்டு மேசைப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. இதில் கேலி யார் மீது என்று கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும். வெங்காயத்தின் மீது நிச்சயமாக இல்லை.

வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன செக் ஊரான கார்லோவி வாரிக்குப் போயிருந்தோம். சுமார் 73 டிகிரி சூட்டில் பூமிக்குள்ளிருந்து பீறிட்டு வரும் ஊற்று அங்கே இருக்கிறது, அந்த மாதிரி ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கவே காலங்காலமாக ஒரு பீங்கான் குவளை செய்கிறார்கள். தட்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருக்கும். அதன் கைப்பிடிக்குள் துளை, அதுதான் உறிஞ்சுகுழல். பிடித்துக்கொள்வதும் அதை, வாயில் வைப்பதும் அதை! சூட்டில் நாக்கு பொத்துப்போகாமல், தண்ணீர் பல்லில் அதிகம் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே மண்டபத்தில் நடக்க வேண்டும். உப்பும் இரும்பும் கலந்த ருசி. எனக்கு முன்னால் ஒரு தாத்தா, கோட்டுப் பையிலிருந்து விளிம்பு தேய்ந்த குவளையை எடுத்து, துடைத்து, பிடித்து, உறிஞ்சி, மறுபடி பையில் போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கைப்பிடியால் தண்ணீர் குடிக்கிற ஊரில் பூட்ஸில் பூ வைப்பது என்ன புதுசு, சொல்லுங்கள். பிள்ளைகள் தாத்தாவின் விளையாட்டைத்தான் தொடர்ந்து ஆடுகிறார்கள்.

யூஸ் அண்ட் த்ரோ பிளாஸ்டிக் கப்பை வரி வரியாக அப்படியே பீங்கானில் வார்த்ததும் வெல்ச்சோவ்ஸ்கிதான். மகள் வீட்டில் அப்படி இரண்டு இருக்கின்றன. பழக்கதோஷத்தில் நசுக்கிப் போடக் கை போகும், உடனே நின்றுவிடும். கழுவிக் கவிழ்த்து வைக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். கார்லோவி வாரி குவளையின் படத்தை நேர் முன்னாலிருந்து எடுத்ததைப் போட்டிருக்கிறீர்கள், அதில் கைப்பிடியின் துளையே தெரியவில்லை, வெறும் பூப்போட்ட கப் என்றுதான் வாசகர்கள் நினைத்திருப்பார்கள். அடுத்த இணைப்பில் இடம் இருந்தால், மேலிருந்து எடுத்த படம் ஒன்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி