அத்தானுக்கு, அக்டோபர் 19

அன்புள்ள அத்தான்,

இன்று உங்கள் பிரியமான பழைய ஆங்கில எழுத்தாளர், டாக்டர் தாமஸ் பிரவுன் பிறந்த நாள். செத்ததும் இதே தேதியில்தான் என்று எனக்கு முதலில் சொன்னது நீங்கள்: 1605, 1682. ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதிக்கு அவருடைய இரண்டு வரி உங்களிடமிருந்து வரும். மூன்று வருஷமாக வரவில்லை. நானும் கேட்கவில்லை. அக்காவும் இதைப் படிப்பாள், அதனால் சிலவற்றைத் தொடாமல் போகிறேன்.

முதலில், தாழி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. வயலில் தோண்டியெடுத்த பழைய ஈமப் பானைகளைப் பற்றி அவர் எழுதி 1658இல் வந்த 'அர்ன் பரியல்' புத்தகத்தை நான் மொழிபெயர்க்கிறேன் அல்லவா, அதற்குத் தமிழில் 'தாழி' என்றுதான் பெயர் வைப்பேன் என்று அடம்பிடித்தேன். தாழி என்றால் ஆளையே உட்கார வைக்கலாம். வால்சிங்கம் வயலில் கிடைத்தவை எரித்த எலும்பு இரண்டு பவுண்டு கொள்ளும் பானைகள், நம் அஸ்திக் கலசம் மாதிரி என்றீர்கள். 'கலசம்' என்று மாற்றிவிட்டேன்.

அப்புறம், அவர் வாழ்ந்த இங்கிலாந்து ஊரான நாரிச். செயின்ட் பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்தில் அவர் கல்வெட்டுக்கு முன்னால் நின்றோம். நீங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தீர்கள். 1840இல் சவப்பெட்டியை உடைத்து எடுத்த மண்டை ஓடு 1922இல்தான் திரும்ப மண்ணுக்குள் போனது என்று, சொந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்வது போலக் குரல் கம்மச் சொன்னீர்கள். அந்த நேரம் பார்த்து நான் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் நடந்த சூனிய வழக்கை எடுத்திருக்க வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு எங்கே எடுப்பது?

1662. ஏமி டென்னி, ரோஸ் கல்லெண்டர். லோஸ்டாஃப்ட்டைச் சேர்ந்த இரண்டு வயதான பெண்கள், பிள்ளைகளுக்குச் சூனியம் வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு. உங்கள் டாக்டர் நீதிமன்றத்தில் எழுந்து, பிள்ளைகளுக்குச் சூனியம்தான் என்றார். டென்மார்க்கிலும் இப்படி நடந்ததாக உதாரணம் வேறு. இரண்டு பேரையும் தூக்கில் போட்டார்கள்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள்" என்றீர்கள். எல்லாரும் இல்லை, அத்தான். அதே நீதிமன்றத்தில் ஒரு சிறுமியின் கண்ணை மறைத்து, ஏமி டென்னிக்குப் பதிலாக வேறொருத்தியைத் தொடவைத்தார்கள். அப்போதும் அவளுக்கு அதே வலிப்பு வந்தது. இது வெறும் நடிப்பு என்று அங்கேயே சொன்னவர்கள் இருந்தார்கள்.

என்னால் தாண்ட முடியாதது இதுதான். ஊரார் மூடநம்பிக்கைகளை ஒவ்வொன்றாக உடைக்க 1646இல் அத்தனை பெரிய புத்தகம் போட்டவர். தேரைக்கும் சிலந்திக்கும் தீராப் பகை என்கிறார்களே, பார்ப்போம் என்று இரண்டையும் ஒரு கண்ணாடிக்குள் அடைத்து மணிக்கணக்கில் பார்த்தவர். சிலந்திகள் தேரையின் தலைமேல் ஏறி நடந்தன. தேரை ஏழு சிலந்திகளை விழுங்கியது. அவ்வளவுதான் பகை! தேரைக்குக் கொடுத்த பொறுமையில் கொஞ்சம் அந்தக் கிழவிகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "நீங்களும் கூண்டில் ஏறினால் அப்படித்தான் சொல்வீர்கள்" என்றேன். அந்த வாக்கியம் ஏன் சுட்டது என்பது நம் இருவருக்கும் தெரியும். இங்கே படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டாம். சொன்ன இடம் தப்பு, சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க உட்கார்ந்துவிட்டு மறுபடி வாதாடுகிறேன், பாருங்கள்.

நீங்களும் சும்மா இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, அக்காவையும் என்னையும் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனீர்கள். மழையில் பஸ்ஸுக்கு நின்றது நாங்கள்.

மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. இத்தனை கோபத்துக்கும் நடுவில், அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தமிழில் கொண்டுவர முயன்ற இரவுகளில் உங்களுக்குத்தான் போன் போடத் தோன்றியது. முன்னுரையில் அந்த இரண்டு பெண்களின் பெயரையும் போட்டிருக்கிறேன். அதை எடுக்க மாட்டேன். சமர்ப்பணத்தில் உங்கள் பெயர். அது வேண்டாமென்றால் அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள். பத்தாம் தேதிக்குள் அச்சுக்குப் போகிறது.