தத்தெடுத்த கிராமத்துக்குக் கணக்கெடுப்பு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கல்லூரிகளைக் கிராம வளர்ச்சியில் ஈடுபடுத்தும் மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேரும் கல்லூரி குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். பல இடங்களில் வேலை அத்தோடு நின்றுவிடுவது வேதனை. பகல் 11 மணிக்கு மாணவர்கள் போனால், வயலுக்கும் கூலி வேலைக்கும் போனவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். விடுபடுவது ஏழைக் குடும்பங்கள்தான். மாலை 6 மணிக்குமேல் போகட்டும். கணக்கெடுப்பின் முடிவை அடுத்த கிராம சபையில் வாசித்து, எது முதலில் வேண்டும் என்பதை ஊராரே சொல்லட்டும்.

தொழில் என்றதும் இயந்திரம் வாங்கித் தரும் அவசரம் இன்னும் மோசம். மகளிர் குழுவுக்கு மாவரைக்கும் இயந்திரம் தருமுன் மும்முனை மின்சாரம் உண்டா, பழுதுபார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். பொட்டலத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், நிகர எடை, தயாரித்த தேதி இல்லாவிட்டால் கடைக்காரர் தயங்குவார். விலை போடும்போது பெண்களின் கூலியைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். விற்பனை நடந்தும் கையில் காசு நிற்காமல் குழு கலைவது இதனால்தான். முதல் ஓராண்டுக்குக் கல்லூரி விடுதியே கொள்முதல் செய்து, 15 நாளுக்குள் பணம் தரட்டும். மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். வரவு செலவு நோட்டும் இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டும் முதல் நாளிலிருந்தே குழுவிடம் இருக்க வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்