எங்கள் கிளப்பின் வயதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குமரி மேற்குக் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கால்பந்து கிளப்பைப் பதிவேட்டில் ஏற்றக் கேட்ட விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. காரணம் உங்களுக்கே தெரியும்: கிளப் தொடங்கிய ஆண்டுக்கு ஆவணம் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கிளப் அறை கடலை ஒட்டித்தான் இருந்தது. மினிட் புத்தகம், வரவு செலவு நோட்டு, குரூப் போட்டோக்கள் எல்லாம் அன்று காலையே போய்விட்டன. மூன்றாம் நாள் மணலைத் தோண்டும்போது ஒரே ஒரு கோப்பை கிடைத்தது. போன செவ்வாய்க்கிழமை அதைத்தான் துணிப்பையில் போட்டு உங்கள் அலுவலகத்துக்கு எடுத்துவந்தோம். ஒரு பக்கக் கைப்பிடி இல்லை. பொறித்த எழுத்தை உப்பு தின்றுவிட்டது. விரலால் தடவினால் 19 வரைக்கும் தட்டுப்படும், அதற்கப்புறம் வழவழவென்று இருக்கும்.

அதை ஜெயித்த டீமின் கோல்கீப்பரும் கூடவே வந்தார். வயது 76. விடியற்காலை கட்டுமரத்தில் போய்வந்து சாயங்காலம் பந்தாடிய ஆள். காலை பத்தரையிலிருந்து நாலு மணிவரை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் உள்ளேயிருந்து வந்தவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "பாத்திரமெல்லாம் ஆவணம் ஆகாது பெரியவரே" என்றார். பாத்திரமாம். ஊர் வந்து சேரும்வரை பெரியவர் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

புது கிளப் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். எப்படி எழுதுவது? 1970களில் கமுகு மரத்தைக் கோல்போஸ்டாக நட்டு, கிழிந்த மீன்வலையைக் கட்டி ஆடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத எங்கள் லெஃப்ட் பேக்கின் நம்பரை அதற்கப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை. இது புது கிளப் என்றால் அவன் எந்தக் கிளப்புக்கு ஆடினான்?

ஆடும் மணலும் வருஷா வருஷம் குறைகிறது. கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துவிட்டது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்கு ஆடியபோது கடற்கரைப் பிள்ளைகளை எல்லோரும் மேடைபோட்டுப் புகழ்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் கடல் ஏறாத நேரம் பார்த்து ஆட வேண்டியிருப்பதை யார் கேட்கிறார்கள்? சரி, அது உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். எங்களைப் பழைய கிளப்பாகவே பதிவேட்டில் ஏற்றுங்கள். பக்கத்துச் சர்ச் பங்குகளின் பழைய திருவிழா நோட்டீஸ்களில் எங்கள் டீம் பெயர் அச்சாகியிருக்கிறது. நான்கு நோட்டீஸ் தேடி எடுத்திருக்கிறோம். மூத்த ஆட்டக்காரர்கள் ஆறு பேர் பிரமாணப் பத்திரம் தரவும் தயார். தயவுசெய்து இவற்றை ஆவணமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமையும் பெரியவரோடு வருகிறோம். கோப்பையை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கிளப் செயலாளர்