மீத்தேன் வரம்புகளைத் தளர்த்தலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து வெளியேறும், எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேனுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்து, 2024 மார்ச்சில் அரசிதழில் வெளியிட்ட வரம்புகள் முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே தளர்ந்துவருவது கண்டு, டெக்சாஸில் வாழும் தமிழன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2025இல் அவற்றின் முக்கியக் கெடுக்கள் சில 2027 ஜனவரி வரை தள்ளிவைக்கப்பட்டன. விதிகளையே மறுபரிசீலனை செய்யப்போவதாகவும் முகமை அறிவித்தது.

மன்னார்குடிப் பகுதித் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தால் மீத்தேன் என்ற சொல் நம் மக்களுக்கு நன்கு பழக்கமானது. அங்கே எழுந்த கேள்வி, கிணறு தோண்டலாமா என்பது. இங்குள்ள விதிகளோ தோண்டுவதைத் தடுக்கவே இல்லை. கசிவைத் தேடிப் பாருங்கள், கண்டால் அடையுங்கள், விற்கக்கூடிய வாயுவை வீணே எரிக்காதீர்கள் என்பதுதான் அவற்றின் சாரம். மின்சாரம் இல்லாத பல கிணற்றடிகளில் வால்வுகளைத் திறந்து மூடுவதற்குக் கிணற்று வாயுவின் அழுத்தமே பயன்படுகிறது. அந்தக் கருவிகள் இயங்க இயங்க வாயு காற்றில் கலந்துகொண்டே இருக்கிறது. தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் நாள்கணக்கில் வாயு வெளியேறினாலும், நிறமற்ற மீத்தேன் அருகில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென அமைந்த அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் மட்டுமே புகைபோலத் தெரியும். பார்த்தே ஆகவேண்டும் என்று விதி சொல்லாவிட்டால், யார் போய்ப் பார்ப்பார்கள்?

அமெரிக்க எரிவாயு உற்பத்தியில் சுமார் 2.3 விழுக்காடு கசிகிறது என்றும், அது முகமையின் கணக்கைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகம் என்றும் 2018இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் காற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் அளவே தங்கும். ஆகவே இன்று ஒரு கசிவை அடைத்தால் அதன் பயனை நாமே கண்ணால் காணலாம். கெடுவை நீட்டுவதில் எனக்குள்ள பெருங்கவலை இதுவே.

சிறு கிணறுகளின் உரிமையாளர்களால் செலவைத் தாங்க முடியாது என்கிறார்கள். அவர்கள் சிரமத்தை நான் மறுக்கவில்லை. எனினும் நாட்டின் உற்பத்தியில் ஆறு விழுக்காட்டளவே தரும் அத்தகைய கிணறுகளிலிருந்துதான் கிணற்றடி மீத்தேனில் ஏறத்தாழ பாதி வெளியேறுகிறது என்று 2022இல் வந்த ஆய்வு கூறுகிறது. அவர்களுக்குப் பண உதவி செய்யலாம், விலக்கு அளிக்கலாகாது.

இதற்கு முன் மீத்தேனுக்கென 2016இல் வந்த விதியை 2020இல் நீக்கினார்கள்; 2021இல் குடியரசுக் கட்சியினர் சிலரும் சேர்ந்து வாக்களிக்க, நாடாளுமன்றம் அதை மீட்டது. பிபி, ஷெல், எக்ஸான்மொபில் போன்ற பெருநிறுவனங்களே அப்போது மீத்தேனுக்குக் கூட்டாட்சிக் கட்டுப்பாடு தேவை என்றன. பெர்மியன் படுகை என்னும் எண்ணெய், எரிவாயு வளப் பகுதியை எங்களோடு பகிர்ந்துகொள்ளும் அடுத்த மாநிலமான நியூ மெக்சிகோ, 2026 முடிவுக்குள் 98 விழுக்காடு வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. அங்கே முடிகிறதென்றால் டெக்சாஸிலும் முடியும். கெடுக்களை இனியும் நீட்டாமல், கசிவுச் சோதனை விதிகளை உள்ளபடியே காக்குமாறு இங்கு வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளுக்கு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்